ஜோடியாக வெளிநாடு போனால் எது மனதில் நிற்கும்?

தம்பதியாக வெளிநாடு போய்வந்ததில் பிடித்த நினைவுகள் எவை, முதல்முறை போகும் ஜோடிக்கு எந்த ஊரைச் சொல்வீர்கள் என்பது கேள்வி. ஊர்களைச் சொல்கிறேன். ஆனால் எனக்கும் என் கணவருக்கும் நடுவே இன்றைக்கும் பேச்சில் வருகிற சம்பவங்களை எடுத்துப் பார்த்தால், அதில் பெரும்பாலானவை டிக்கெட் எடுத்துப் பார்த்த காட்சிகள் இல்லை. இரண்டு பேரும் சேர்ந்து ஏதாவது செய்தே ஆகவேண்டும் என்று வந்த நேரங்கள்தான் நிற்கின்றன. வழி தேடியது, குளிரில் காத்துக் கிடந்தது, ஒருவர் கதை சொல்ல இன்னொருவர் அதில் குறுக்கிட்டது, இப்படி. சும்மா நின்று பார்த்த அழகான இடங்கள் எவ்வளவோ இருக்கின்றன, புகைப்படத்தைக் காட்டினால்தான் ஞாபகம் வருகிறது.

வெனிஸிலிருந்து தொடங்குகிறேன். நூற்றுக்கும் மேற்பட்ட சிறு தீவுகள், 400-க்கும் அதிகமான பாலங்கள். கார், பஸ் எல்லாம் ஊர் முகப்பில் இருக்கும் பியாட்சாலே ரோமா சதுக்கத்தோடு சரி, அதற்கு அப்புறம் நடக்கவேண்டும் அல்லது படகு ஏறவேண்டும். விலாச முறை இன்னும் வேடிக்கை. ஊரை ஆறு பகுதிகளாகப் பிரித்து, பகுதி முழுவதற்கும் வீட்டு எண்களைத் தொடர்ச்சியாகப் போட்டுக்கொண்டே போயிருக்கிறார்கள், அதனால் எண் ஆயிரக்கணக்கில் போகும். பகுதியின் பெயரும் வீட்டு எண்ணும் மட்டும் கையில் இருந்தால் எந்தச் சந்துக்குள் நுழைவது என்று ஒன்றும் புரியாது. கைப்பேசி வரைபடத்தில் நம்மைக் காட்டும் நீலப் புள்ளியோ, உயரமான சுவர்களுக்கு நடுவே போனதும் பக்கத்துக் கால்வாய்க்குள் இறங்கிவிடும்.

நாங்கள் தங்குமிடம் தேடி அலைந்தது இரவு நேரம். சுவர்களில் ரியால்டோ இந்தப் பக்கம், சான் மார்க்கோ அந்தப் பக்கம் என்று மஞ்சள் பலகைகள் உண்டு, சில மூலைகளில் ஒரே இடத்துக்கு இடப்பக்கம் ஒரு அம்பும் வலப்பக்கம் ஒரு அம்பும் இருக்கும். அப்படி ஒரு பலகைக்குக் கீழே நின்றுதான் எந்தப் பக்கம் என்று நாங்கள் வாக்குவாதம் செய்துகொண்டிருந்தோம். "ரெண்டு பக்கமும் போகலாம்னு அவங்களே எழுதி வெச்சிருக்காங்க, அப்புறம் நாம எதுக்கு அடிச்சுக்கிறோம்" என்று அவர் சொல்ல, சிரிப்பு வந்து, பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். அதற்குள் வேலை தானாகப் பிரிந்துவிட்டது. திசை எனக்கு நன்றாகத் தெரியும், அதனால் எந்தப் பக்கம் என்பது என் பொறுப்பு. யாரிடமும் கூச்சமில்லாமல் போய்க் கேட்பது அவர் பொறுப்பு. ஒரு சந்து நேராகத் தண்ணீரில் போய் முடிந்தது, படிக்கட்டு, அதற்குக் கீழே கால்வாய், அவ்வளவுதான். அங்கே ஒரு ஜன்னலில் இருந்த பாட்டி எங்களைப் பார்த்து ஒன்றுமே கேட்காமல் கையாலேயே 'திரும்பு, இடது, இடது' என்று காட்டினார். தினமும் யாராவது அங்கே வந்து மாட்டிக்கொள்வார்கள் போலிருக்கிறது.

வெனிஸ் போகிறவர்களுக்கு ஒரு விஷயம். 2024 முதல் கூட்டம் அதிகமுள்ள குறிப்பிட்ட நாட்களில், பகலில் வந்து போகிறவர்களுக்கு நுழைவுக் கட்டணம் உண்டு. ஊருக்குள் இரவு தங்குகிறவர்களுக்கு அந்தக் கட்டணம் கிடையாது, விடுதியில் தங்கும் வரி மட்டும் தனி. கட்டணத்துக்காகச் சொல்லவில்லை, பகல் கூட்டம் ரயிலேறிப் போனபின் அந்த ஊர் வேறு ஊராகிவிடுகிறது, இருவர் நடப்பதற்கு அந்த நேரம்தான் சரி.

இப்படிச் சேர்ந்து தடுமாறுவது ஏன் இனிக்கிறது என்பதற்கு ஆராய்ச்சியே இருக்கிறது. ஆர்தர் ஆரன் என்ற உளவியலாளரும் சகாக்களும் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், தம்பதிகளின் மணிக்கட்டையும் கணுக்காலையும் ஒன்றாகக் கட்டிவிட்டு, ஒரு உருளைத் தலையணையைக் கையாலோ பல்லாலோ பிடிக்காமல், உடம்புகளுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு தவழ்ந்து போகச் சொன்னார்கள். மொத்தமே 7 நிமிட வேலை. இன்னொரு குழுவுக்குச் சாதாரணமான, சலிப்பான வேலை. தவழ்ந்த ஜோடிகள் தங்கள் உறவைப் பற்றி முன்பைவிட நல்லவிதமாகச் சொன்னார்கள். புதிதாகவும் கொஞ்சம் பரபரப்பாகவும் இருக்கிற ஒன்றைச் சேர்ந்து செய்தால் நெருக்கம் கூடுகிறது என்பது அவர்கள் கண்டது. பெட்டியை இழுத்துக்கொண்டு வெனிஸ் பாலங்களில் ஏறி இறங்குவது எந்த வகையிலும் அந்தத் தலையணைக்குக் குறைந்ததில்லை.

அங்கோர் வாட் எனக்குத் தனிப்பட்ட விருப்பம். கம்போடியாவில் 12-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் சூரியவர்மன் திருமாலுக்காகக் கட்டிய கோயில், பின்னர் பௌத்தத் தலமாக மாறியது. கோயில் மேற்கே பார்த்தது, அதனால் மேற்கு வாசல் பக்கம் நின்றால் கோபுரங்களுக்குப் பின்னால் சூரியன் எழும்புகிறது, அதைப் படமெடுக்க விடியுமுன்பே குளக்கரையில் கூட்டம் நிற்கிறது. நாங்களும் நின்றோம். அழகுதான், ஆனால் எனக்கு முன்னால் நின்றவர்களின் தலைகளும் அவர்கள் உயர்த்திப் பிடித்த கைப்பேசிகளும்தான் ஞாபகம் இருக்கின்றன.

விடிந்ததும் பெரும்பாலோர் காலைச் சாப்பாட்டுக்குக் கலைந்துவிடுவார்கள். அந்த நேரத்தில் கிழக்குப் பக்கச் சுற்று மண்டபத்துக்குப் போங்கள். அதன் தெற்குப் பகுதியில் பாற்கடல் கடைந்த கதை சுமார் 49 மீட்டர் நீளத்துக்கு ஒரே சுவரில் புடைப்புச் சிற்பமாக ஓடுகிறது. ஒரு பக்கம் அசுரர்கள், மறு பக்கம் தேவர்கள், ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய 90 பேர், நடுவில் திருமால், அடியில் ஆமை, வாசுகியின் உடல் அத்தனை பேர் கையிலும் நீண்டு போகிறது, கீழே கடலில் மீன்களும் முதலைகளும் மத்துக்குப் பக்கத்தில் துண்டு துண்டாக வெட்டுப்பட்டுக் கிடக்கின்றன. அந்த வெட்டுப்பட்ட மீன்களை முதலில் கவனித்தவர் என் கணவர். கதையை நான் ஒரு முனையிலிருந்து சொல்லிக்கொண்டே நடந்தேன். பாம்பின் தலைப்பக்கம் யார் பிடித்தார்கள் என்பதில் அவருக்குச் சந்தேகம், அசுரர்கள்தான் என்று நான் சொல்ல, இருவரும் திரும்ப அந்த முனைக்கு நடந்து போய்ச் சரிபார்த்தோம். சிற்பி என் பக்கம். ஒரு நீண்ட சுவரை முழுக்க ஒரு கதையாகப் படித்து நடந்தது அது ஒன்றுதான், வழிகாட்டி வைத்திருந்தால் இந்த வாக்குவாதம் நடந்திருக்காது. தெரிந்த கதை ஒன்று தெரியாத ஊரில் எதிர்ப்பட்டால் வழிகாட்டியைக் கொஞ்ச நேரம் தள்ளி வையுங்கள்.

ஜப்பானின் கியோட்டோவில் ஃபுஷிமி இனாரி பற்றி எல்லோரும் சொல்வார்கள், ஆரஞ்சுச் சிவப்பு வளைவுகள் வரிசையாக நிற்கும் கோயில், மலைமுழுக்க சுமார் 10,000 வளைவுகள். படமெடுக்கிறவர்கள் அடிவாரத்திலேயே நின்றுவிடுகிறார்கள். மலை 233 மீட்டர்தான், கோயில் இரவு பகல் எந்நேரமும் திறந்திருக்கிறது, நுழைவுக் கட்டணம் இல்லை. அதனால் சாயங்காலம் ஏறத் தொடங்குங்கள். பாதிக்கு மேலே யோட்சுட்சுஜி என்ற சந்திப்பில் மரங்கள் விலகி நகரம் தெரியும், அப்போது விளக்குகள் எரியத் தொடங்கியிருக்கும். ஏறும்போது தூண்கள் வெறுமையாக இருக்கும், இறங்கும்போது பார்த்தால் ஒவ்வொரு தூணிலும் எழுத்து. வளைவைக் காணிக்கையாகக் கொடுத்த நிறுவனத்தின் அல்லது ஆளின் பெயரும் தேதியும் பின்பக்கத்தில்தான் பொறித்திருக்கிறார்கள். இதைக் கண்டுபிடித்தது யார் என்பதில் எங்களுக்குள் இன்னும் தீர்ப்பு வரவில்லை. நான்தான் என்கிறேன். அவரும் அதையேதான் சொல்கிறார்.

இந்த மாதிரித் தகராறுகள் எல்லா ஜோடிகளுக்கும் வரும், அதற்குக் காரணமும் உண்டு. டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர் 1985 வாக்கில் சொன்னது, நெடுநாள் சேர்ந்து வாழ்பவர்கள் ஞாபகத்தையும் பங்கு போட்டுக்கொள்கிறார்கள், எது யாருக்குத் தெரியும் என்று தெரிந்திருந்தால் போதும், எல்லாவற்றையும் இருவரும் சுமக்கத் தேவையில்லை. எங்கள் வீட்டில் தேதி, ரயில், விடுதி எல்லாம் அவர் தலையில். யார் என்ன சொன்னார்கள், என்ன நிறச் சட்டை, எங்கே மழை பெய்தது என்பது என் தலையில். தனியாக ஒருவரிடம் கேட்டால் பாதிக் கதைதான் கிடைக்கும். விருந்தாளிகள் முன்னால் இருவரும் சேர்ந்து சொல்லத் தொடங்கினால்தான் முழுதாக வரும், வரும்போதே கொஞ்சம் வளர்ந்தும் விடும்.

காத்திருப்புக்கு வருகிறேன். நார்வேயில் ட்ரோம்சோ, வட அட்சம் 69 பாகைக்கும் மேலே. இரவு வானத்தில் பச்சையாக அலையும் வடதுருவ ஒளி பார்க்க செப்டம்பர் கடைசியிலிருந்து மார்ச் கடைசி வரை போகலாம். சூரியனிலிருந்து வரும் மின்னூட்டத் துகள்கள் மேல் வளிமண்டலத்து ஆக்சிஜனில் மோதுவதால் அந்தப் பச்சை, தரையிலிருந்து 100 கிலோமீட்டருக்கும் மேலே நடக்கிற சங்கதி. அதனால் மேகம் மூடினால் எதுவும் தெரியாது, எவ்வளவு பலமாக ஆடினாலும் சரி. தெளிந்த வானம் தேடி வழிகாட்டிகள் வண்டியைப் பல மணிநேரம் ஓட்டுவார்கள், சில இரவுகளில் பின்லாந்து எல்லை வரை. எங்களுக்கு முதல் இரவு முழுக்க மேகம். அடுத்த இரவு ஒரு உறைந்த ஏரிக்கரையில் நிறுத்தினார்கள், கால்விரல் மரத்துப்போய், ஒரு தெர்மாஸை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டு நின்றோம். வானத்தில் சாம்பல் நிறத்தில் ஏதோ கோடு. மேகம் என்று அவர் முடிவு கட்டிவிட்டார். கைப்பேசியை அசையாமல் பிடித்து ஒரு படம் எடுத்துப் பார்த்தேன், திரையில் பச்சை. ஒளி மங்கலாக இருக்கும்போது மனிதக் கண் நிறத்தைப் பிடிக்காது, காமிரா சில வினாடி திறந்திருந்து சேர்த்துப் பிடித்துவிடும், இதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். படத்தை அவரிடம் காட்டுவதற்குள் அந்தக் கோடு விரிந்து தலைக்கு மேலே ஆடத் தொடங்கிவிட்டது, அப்புறம் கண்ணுக்கே பச்சை. அந்த ஆட்டம் சீக்கிரமே முடிந்துவிட்டது. எங்கள் பேச்சில் வருவது அதற்கு முந்தைய நேரம், தெர்மாஸை யார் நீண்ட நேரம் வைத்துக்கொண்டார் என்ற கணக்கு.

திட்டமிட்டது நடக்காமல் போனதிலும் ஒன்று சொல்லவேண்டும். துருக்கியில் கப்படோக்கியா, எரிமலைச் சாம்பல் இறுகிய மென்பாறையைக் காற்றும் மழையும் செதுக்கிய நிலம், அங்கே விடியற்காலை பலூனில் பறப்பதுதான் பேர்போனது. பலூனுக்குத் திசைமாற்றி கிடையாது. உயரத்தை ஏற்றி இறக்கி வெவ்வேறு காற்றோட்டத்தில் நுழைந்துதான் ஓட்டுகிறார்கள். எனவே காற்று பலமாக இருந்தால் விமானப் போக்குவரத்து அதிகாரிகள் அன்றைக்கு யாரையும் பறக்க விடமாட்டார்கள். போய் இறங்கியதும் முதல் காலைக்கே பலூனைப் பதிவு செய்தால், ரத்தானாலும் மறுநாள், அதற்கு மறுநாள் என்று தள்ளிப்போட இடம் இருக்கும். எங்களுக்குத் தள்ளிப்போட்டும் காற்று விடவில்லை.

சரி என்று டெரின்குயு நிலத்தடி நகரத்துக்குப் போனோம். 1963-இல் ஒருவர் தன் வீட்டைச் சீர்செய்யும்போது சுவருக்குப் பின்னால் வழி ஒன்று இருப்பது தெரிந்து, அதைப் பின்தொடர்ந்து கண்டுபிடித்த இடம். ஏறக்குறைய 85 மீட்டர் ஆழம், ஆயிரக்கணக்கானோர் ஆடுமாடுகளோடு ஒளிந்து வாழ முடிந்த இடம், எதிரி வந்தால் வழியை அடைக்க உள்ளிருந்து உருட்டும் வட்டக் கற்கள். சுரங்க வழிகளில் குனிந்துதான் நடக்க முடியும். என் கணவர் உயரம், போதாததற்கு அடைந்த இடம் என்றால் அவருக்குக் கொஞ்சம் பயம். நான் முன்னால் போய், இங்கே தலை, இங்கே படி, இங்கே நிமிரலாம் என்று குரல் கொடுத்துக்கொண்டே போனேன், அவர் என் பையின் வாரைப் பிடித்தபடி வந்தார். வீட்டில் எதற்கும் என் பேச்சை ஒரே தடவையில் கேட்காத மனிதர். பலூனில் பறந்திருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும், ஆனால் அந்தக் கூடையில் எங்களுக்கு நிற்பதைத் தவிர வேலை இருந்திருக்காது.

ஜோடிகளுக்கென்றே பேர்போன சடங்குகளில் எனக்கு அவ்வளவு ருசி இல்லை. பாரிஸில் பூட்டு மாட்டிச் சாவியை ஆற்றில் எறியும் பாலம் இருந்தது, போன் தெஸ் ஆர். பூட்டுகளின் கனம் தாங்காமல் 2014-இல் கைப்பிடித் தடுப்பின் ஒரு பகுதி விழுந்தது, 2015-இல் நகராட்சி சுமார் 45 டன் பூட்டுகளை அகற்றியது. ரோமில் ட்ரெவி நீரூற்றில் காசு எறிவதாவது உருப்படியானது, அந்தக் காசு காரித்தாஸ் என்ற கத்தோலிக்கத் தொண்டு அமைப்புக்குப் போகிறது. எறியுங்கள், ஒன்றும் தப்பில்லை, ஆனால் அதைச் சுற்றி ஒரு நாளைத் திட்டமிடாதீர்கள்.

இனி நடைமுறை. பெட்டிகளில் உனது, எனது என்று பிரிக்காதீர்கள், இருவர் துணியையும் பாதிப் பாதியாக இரண்டு பெட்டியிலும் வையுங்கள். ஒருமுறை என் கணவரின் பெட்டி விமானத்தில் வரவே இல்லை, ஆனால் என் பெட்டியில் அவருக்கு மாற்றுத்துணி இருந்தது. பெட்டி வரவில்லை என்றால் விமான நிலையத்தை விட்டு வெளியேறுமுன் அங்கேயே எழுத்தில் புகார் கொடுத்து எண் வாங்கிவிடுங்கள். சர்வதேச விமானப் பயணத்துக்கான மாண்ட்ரியல் உடன்படிக்கைப்படி, தாமதமாக வந்த பெட்டிக்கு அது கைக்குக் கிடைத்த நாளிலிருந்து 21 நாட்களுக்குள்ளும், சேதமானதற்கு 7 நாட்களுக்குள்ளும் எழுத்தில் இழப்பீடு கேட்கவேண்டும். இடைப்பட்ட நாளில் வாங்கிய சட்டை, பல்துலக்கிக்கெல்லாம் ரசீது அவசியம்.

படம் எடுப்பதில் ஒரு சின்ன ஒப்பந்தம் போட்டுக்கொள்ளுங்கள். லிண்டா ஹெங்கல் என்ற உளவியலாளர் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், அருங்காட்சியகத்தில் ஒரு பொருளை முழுதாகப் படமெடுத்தவர்களுக்கு, வெறுமனே பார்த்தவர்களைவிட அந்தப் பொருள் குறைவாக நினைவிருந்தது. ஆனால் ஒரு பகுதியை மட்டும் நெருக்கிப் படமெடுத்தவர்களுக்கு அந்தக் குறை வரவில்லை. நாங்கள் ஊரை முழுதாக எடுப்பதை விட்டுவிட்டோம். ஒருவர் எடுத்தால் போதும், அதுவும் கதவுப்பிடி, அந்த வெட்டுப்பட்ட மீன், தூணின் பின்பக்க எழுத்து என்று சின்னதாக.

அப்புறம் கடைசி நாள். டேனியல் கானமன் என்ற உளவியலாளரும் சகாக்களும் 1993-இல் செய்த சோதனையில், 14 டிகிரித் தண்ணீரில் 60 வினாடி கையை வைத்திருப்பது ஒன்று, அதே 60 வினாடியோடு கூடுதலாக 30 வினாடி, தண்ணீர் ஒரே ஒரு டிகிரி சூடேற, வைத்திருப்பது இன்னொன்று. எதைத் திரும்பச் செய்வீர்கள் என்றால் பெரும்பாலோர் நீண்ட வேதனையையே தேர்ந்தெடுத்தார்கள், முடிவு கொஞ்சம் இதமாக இருந்தது என்பதற்காக. பயணத்தின் கடைசி நாளை நாமெல்லாம் பெட்டி கட்டவும், கடை கடையாகப் பரிசு வாங்கவும், விமான நிலைய வரிசைக்கும் கொடுத்துவிடுகிறோம். பரிசை நடுவிலேயே வாங்கி முடித்துவிட்டு, கடைசி மாலையை இருவருக்குமாக வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் பயணத்துக்கு ஒரே ஒரு ஊர் சொல் என்றால் நான் இஸ்தான்புல் சொல்வேன். கியோட்டோவும் எளிதான ஊர்தான், ஆனால் அங்கே எல்லாம் ஒழுங்காக நடந்துவிடும், சேர்ந்து தடுமாற வாய்ப்பு குறைவு. இஸ்தான்புல்லில் கேட்டால் சொல்ல ஆட்கள் உண்டு, தொலைந்துபோகச் சந்துகளும் உண்டு. பகலில் பெரிய மசூதிகளைப் பாருங்கள், கூட்டம் இருக்கும், பரவாயில்லை. மதியத்துக்கு மேல் எமினோனு துறையிலிருந்து கடிகோய்க்குப் பயணிகள் படகு ஏறுங்கள், ஐரோப்பாவிலிருந்து ஆசியாவுக்குச் சுமார் 20 நிமிடம், ஊர்க்காரர்கள் வேலைக்குப் போய்வரும் அதே படகு, கடற்காக்கைகள் கூடவே பறந்து வரும். சுற்றிவிட்டு சூரியன் இறங்கும் நேரத்துக்குத் திரும்புங்கள். அந்தத் திசையில் படகின் இடப்பக்கம் வெளியே நீளமாகப் போட்டிருக்கும் இருக்கையில் உட்கார்ந்தால், அயா சோஃபியாவும் தொப்காப்பி அரண்மனையும் இருக்கும் பழைய நகரம் அந்திவெளிச்சத்துக்கு எதிரே நிழலுருவாகத் தெரியும். எல்லோருக்கும் அந்தப் பக்கம்தான் வேண்டும், அதனால் ஏறியதும் ஒருவர் ஓடிப்போய் இடம் பிடிக்கவேண்டும், இன்னொருவர் உள்ளே போய் இரண்டு டீ வாங்கி, ஆடும் படகில் சிந்தாமல் கொண்டு வரவேண்டும். டீ என் கணவரின் வேலை, பாதி சிந்திவிட்டுத்தான் வருவார்.